மாணவர் நல ஆலோசகர் வேலை: முதலில் எதைப் பழக வேண்டும்?

#1 புதுவரவு

பல்கலைக்கழக மாணவர் நல அலுவலகத்தில் ஆலோசகராகச் சேரப்போகிறேன். கவுன்சிலர் பதவி இல்லை. பணம், தங்குமிடம், தேர்வு, ஒழுங்கு நடவடிக்கை, மனச்சோர்வு என்று எதோடு வந்தாலும் முதலில் உட்காரவைத்துப் பேசும் மேசை. பதவி விவரத் தாளில் 'தகவல், ஆலோசனை, வழிகாட்டல்' என்று மூன்று சொல் போட்டிருக்கிறார்கள். இவை வேறுவேறா? முதல் சந்திப்பை எப்படி நடத்துவது, என்ன எழுதிவைப்பது, எந்த இடத்தில் கைமாற்றிவிடுவது என்று விவரம் தெரிந்தவர்கள் நடைமுறையாகச் சொல்லுங்கள். 'பொறுமையாகக் கேளுங்கள்' ரகப் பதில்கள் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன.

#2 மணல்கடிகாரம்

வேறுவேறுதான். படிவம் எங்கே கிடைக்கும், கடைசித் தேதி எது என்பது தகவல். 'உன் நிலைமைக்கு மூன்று வழி உண்டு, முதல் வழியில் இது கிடைக்கும், இது கையைவிட்டுப் போகும்' என்று விரித்து வைப்பது ஆலோசனை. அந்த மூன்றில் தனக்கு எது ஒத்துவரும் என்று மாணவரே யோசித்துப் பார்க்கத் துணை நிற்பது வழிகாட்டல். 'நீ பேசாமல் இதைச் செய்' என்பது மூன்றிலும் சேராது. புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்கும் இடம் அதுதான்.

பழக வேண்டிய முதல் விஷயம் தேதி. மாணவர் வீட்டுப் பிரச்சினையில் தொடங்குவார், அறைத் தோழர் சண்டைக்குப் போவார், தூக்கமில்லை என்பார். இத்தனைக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு கடிதமோ மெயிலோ இருக்கும், அதில் ஒரு நாள் குறித்திருக்கும். முதல் பத்து நிமிடத்துக்குள், 'இது சம்பந்தமாகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏதாவது வந்ததா? இப்போதே காட்ட முடியுமா?' என்று கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். பயந்திருப்பவர் கடிதத்தின் முதல் பத்தியைத் தாண்டிப் படித்திருக்க மாட்டார். காலக்கெடுவோ மூன்றாம் பத்தியில் உட்கார்ந்திருக்கும்.

அப்பீலுக்குப் பல இடங்களில் 10 வேலை நாள், சில இடங்களில் 14 அல்லது 20 நாள் கொடுப்பார்கள். எண்ணிக்கை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை விதிப் புத்தகத்தில் பாருங்கள். முடிவு வெளியான நாளா, கடிதத்தின் தேதியா, கையில் கிடைத்த நாளா? வேலை நாளில் பல்கலைக்கழக விடுமுறை சேருமா? இரண்டு நாள் பிசகினால் நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுபோகும். கெடு நாளைக்கே என்றால் முழு விண்ணப்பத்துக்குக் காத்திருக்காதீர்கள். 'இந்த முடிவை எதிர்த்து விண்ணப்பிக்கிறேன், காரணம் இது, சான்றுகள் இந்தத் தேதிக்குள் வரும்' என்று நாலு வரி மாணவர் தன் மெயிலிலிருந்து இன்றே அனுப்பட்டும்.

45 நிமிடச் சந்திப்பு என்றால் ஏறக்குறைய இப்படிப் பிரியும். முதல் 3 நிமிடம் ரகசியக் காப்பின் எல்லை. அடுத்த 12 குறுக்கிடாமல் கேட்பது. பிறகு 5 நிமிடம், புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி 'சரிதானா, எதையாவது விட்டுவிட்டேனா?' என்று கேட்பது. வழிகளைப் பேச 15. மிச்சம் 10இல் யார் எதை எப்போது செய்வது. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாணவருக்கு மூன்று வேலைக்கு மேல் கொடுக்காதீர்கள். கலங்கிப்போன மனதில் நான்காவது தங்காது. அன்றைக்கே ஐந்து வரியில் அதை மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

#3 கோப்புக்காரன்

ரகசியக் காப்பு என்று மேலே சொன்னதை விரிக்கிறேன். 'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. அது உண்மையில்லை. 'இங்கே பேசுவது இந்த அலுவலகத்துக்குள் இருக்கும். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தாலும், சட்டம் கேட்டாலும் நான் வேறு ஒருவரிடம் பேச வேண்டிவரும். முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.' பேச்சு தொடங்கும் முன் இதைச் சொல்லுங்கள். மாணவர் எல்லாவற்றையும் கொட்டியபின் சொன்னால் வலைவிரித்தது போலாகும். 'அலுவலகத்துக்குள்' என்ற சொல்லும் முக்கியம், ஏனென்றால் நோட்ஸை உங்கள் சக ஆலோசகர்கள் பார்ப்பார்கள். 'நமக்குள்' என்றால் அது பொய்.

நோட்ஸ் எழுதும்போது அந்த மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே படிக்கலாம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி ஒருவர் தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டால் வழக்கமாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டம் 45 நாள் தருகிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும் பழக்கம் ஒன்றுதான்.

ஒரு பதிவில் இருக்க வேண்டியவை: நாள், நேரம், நேரிலா போனிலா, மாணவர் சொன்னது, நீங்கள் பார்த்த ஆவணங்கள், சொன்ன வழிகள், எச்சரித்த கெடு, மாணவர் எடுத்த முடிவு, அடுத்த வேலை யாருடையது. அவ்வளவுதான், அரைப்பக்கம் போதும். 24 மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். மூன்று நாள் கழித்து எழுதினால் இரண்டு மாணவர்களின் கதை ஒன்றாகக் கலந்திருக்கும்.

#4 புதுவரவு

நன்றி சார். ஒரு சந்தேகம். 'மாணவர் மிகைப்படுத்துகிறார் என்று தோன்றியது' மாதிரி நம் கருத்தை எழுதலாமா? அடுத்துப் பார்க்கும் ஆலோசகருக்கு உதவுமே?

#5 கோப்புக்காரன்

கூடாது. பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். 'பதற்றமாக இருந்தார்' என்பதைவிட 'பேசும்போது இரண்டு முறை அழுதார், கை நடுங்கியது, நேற்று 3 மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார்' என்பதுதான் அடுத்தவருக்குப் பயன்படும். சொன்னதில் முரண் இருந்தால் அதையும் அப்படியே பதியலாம்: 'கடிதம் 4ஆம் தேதி கிடைத்ததாகச் சொன்னார், மெயிலில் தேதி 1 என்று இருந்தது.' மருத்துவர் சொல்லாத நோயின் பெயரை எக்காரணம் கொண்டும் எழுத வேண்டாம். 'தனக்கு மனச்சோர்வு என்று மாணவர் கூறினார்' என்பதற்கும் 'மனச்சோர்வு உள்ளவர்' என்பதற்கும் தூரம் அதிகம்.

#6 வாசற்படி

உங்கள் மேசைக்கு அதிகம் வரப்போவது சிறப்புச் சூழ்நிலை விண்ணப்பம்தான். நோய், இழப்பு, விபத்து காரணமாகத் தேர்வு எழுத முடியவில்லை, அசைன்மென்ட் தாமதம் என்று கேட்கும் விண்ணப்பம். இவை தள்ளுபடியாவது பெரும்பாலும் துயரம் போதாததால் அல்ல, தேதி பொருந்தாததால்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழு பார்ப்பது நான்கு விஷயம். என்ன நடந்தது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, அது எந்தத் தேர்வை அல்லது எந்த அசைன்மென்ட்டைத் தொட்டது, எப்படித் தொட்டது. நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். 'எனக்கு ஒற்றைத் தலைவலி' என்பது நோய். 'ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய 6 நாளில் 4 நாள் திரையைப் பார்க்க முடியவில்லை, அதனால் தரவுப் பகுதியை முடிக்கவில்லை' என்பதுதான் பாதிப்பு. மருத்துவச் சான்றிதழிலும் இதே கோளாறு வரும். தேர்வு 12ஆம் தேதி, மருத்துவர் பார்த்தது 19ஆம் தேதி, சான்றில் 'இன்று பரிசோதித்தேன்' என்று மட்டும் இருக்கும். '10 முதல் 14 வரை தேர்வு எழுதும் நிலையில் இருந்திருக்க வாய்ப்பில்லை' என்று தன் மருத்துவக் கருத்தாக எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கும்படி சொல்லுங்கள். தர முடியாது என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். சான்றைத் திருத்தத் துணைபோனால் மாணவர் ஒழுங்கு நடவடிக்கைக்குப் போவார், உங்களுக்கு வேலை போகும்.

இன்னொன்று. விண்ணப்பக் கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரே நடையில் பத்துக் கடிதம் போனால் குழுவுக்குப் புரிந்துவிடும். அதன்பின் உங்கள் மாணவர்களின் எழுத்துக்கு மதிப்பே போய்விடும்.

#7 மணல்கடிகாரம்

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை அக்கா. இறப்புச் செய்தி வந்து நாலு நாளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'நீயே எழுது' என்று வெற்றுத்தாளை நீட்டுவது விதிப்படி சரி, மனிதருக்குச் சரியில்லை. அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே தட்டச்சு செய்து, திருப்பிப் படித்துக் காட்டி, அவரே திருத்தி அனுப்பட்டும். நம் வார்த்தை உள்ளே போகக் கூடாது என்பதுதான் கோடு. விரல் யாருடையது என்பது கோடு இல்லை.

#8 வாசற்படி

சரி, அந்த நிலைமைக்கு ஒப்புக்கொள்கிறேன். நோட்ஸில் 'மாணவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்' என்று பதிந்துவிட்டால் போதும். தேர்வு வாரத்தில் ஒரு நாளில் எட்டுப் பேர் வரும்போது இது பழக்கமாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

#9 ஏழாம்எண் அறை

யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். தற்கொலை எண்ணம்.

நேராகக் கேளுங்கள்: 'சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?' கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. மோசமான கேள்வி எதுவென்றால், 'அப்படித் தப்பாக எதுவும் யோசிக்கலையே?' என்பது. 'இல்லை' என்ற பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது.

'ஆமாம்' என்றால் முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் அடுத்தடுத்துப் போக வேண்டும். எவ்வளவு அடிக்கடி வருகிறது? எப்படி என்று யோசித்தது உண்டா? அதற்கானது கைக்கு எட்டுமா? நாள், நேரம் மனதில் இருக்கிறதா? முன்பு முயன்றது உண்டா? இதுவரை தடுத்து நிறுத்தியது எது? திட்டமும் வழியும் நேரமும் சேர்ந்திருந்தால் அது அவசரம். மாணவரைத் தனியாக விடாமல் அவசர சேவையை அழைக்க வேண்டும். 'நான் இப்போது அவசர சேவையை அழைக்கப் போகிறேன், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்' என்று சொல்லிவிட்டு அழையுங்கள். அறையில் மாணவரை விட்டுவிட்டு மேலாளரைத் தேடி ஓடாதீர்கள். போனிலோ மெசேஜிலோ கூப்பிட ஒரு முறையை முதல் நாளே சக ஊழியர்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணம் மட்டும் இருந்து உடனடி ஆபத்து இல்லை என்றால் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ந்து எழுதலாம், அதற்கான பயிற்சி எடுத்திருந்தால். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்தது அதிகம் புழங்குகிறது. ஆறு படி: நெருக்கடி தொடங்கும் முன் தெரியும் அறிகுறிகள், தானாகச் செய்து திசைதிருப்பிக்கொள்ளக்கூடியவை, மனதை மாற்றும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய நெருக்கமானவர்கள், தொழில்முறை உதவி எண்கள், சுற்றியுள்ள ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துவது. மாணவரின் வார்த்தையில் எழுத வேண்டும், அவர் போனில் ஒரு படம் இருக்க வேண்டும். 'நண்பருக்குப் போன் செய்' என்று எழுதினால் பயனில்லை. எந்த நண்பர், இரவு இரண்டு மணிக்கு எடுப்பாரா என்பதுவரை கேட்க வேண்டும்.

'செய்ய மாட்டேன்' என்று சத்தியம் வாங்குவது உதவாது. அதை மீறும் நிலை வந்தால் உங்களிடமே சொல்ல முடியாமல் போகும். அடுத்த தொடர்பு 24 முதல் 48 மணி நேரத்துக்குள், நேரம் குறித்து இருக்கட்டும். நீங்கள் விடுப்பு என்றால் யார் பேசுவார் என்று பெயரோடு சொல்லி அனுப்புங்கள்.

ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் படிவத்தைச் சில அலுவலகங்களில் ஆலோசகரிடமும் கொடுத்துவிடுகிறார்கள். 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். மொத்தம் குறைவாக வந்தாலும் ஒன்பதாவது கேள்விக்கு (சாவதையோ தன்னைக் காயப்படுத்துவதையோ பற்றிய எண்ணம் வருகிறதா என்பது) 0 தவிர எது வந்தாலும் நின்று பேச வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் கோப்பில் செருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

#10 புதுவரவு

இது பயிற்சியில் வரும் என்று நினைத்திருந்தேன், கேள்விகளின் வரிசை வரை இங்கேயே கிடைத்துவிட்டது. நன்றி. பெற்றோர் போன் செய்தால்? 'என் பொண்ணு அங்க வந்தாளா?' என்று கேட்டால்?

#11 கோப்புக்காரன்

'வந்தார்' என்பதும் தகவல், 'வரவில்லை' என்பதும் தகவல். 'யார் எங்களிடம் வருகிறார், யார் வரவில்லை என்று எவரிடமும் சொல்வதில்லை. ஆனால் நீங்கள் கவலைப்படும் காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.' கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், சொல்வதற்குத்தான் வேண்டும். பெரும்பாலான பெற்றோருக்குத் தேவை, யாரோ காது கொடுத்தார்கள் என்பது. அவர் சொன்னதில் உயிர் ஆபத்து தெரிந்தால் மாணவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்கும் உங்கள் அலுவலக நலவிசாரிப்பு நடைமுறையைத் தொடங்குங்கள். அதன் முடிவை அவரிடம் சொல்லலாமா என்பதை அந்த நடைமுறையே சொல்லும்.

ஆசிரியர்களுக்கும் இதே விதி. நடைபாதையில் நிறுத்தி, 'நான் அனுப்பின பையன் வந்தானா, என்ன பிரச்சினை?' என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள், ஆனாலும் கூடாது. மாணவரிடம் ஒப்புதல் வாங்கும்போது 'பல்கலைக்கழகத்தோடு பகிரலாம்' என்று மொத்தமாக வாங்காதீர்கள். யாரிடம், எதை, எதற்காக, எதுவரை என்ற நாலும் இருக்க வேண்டும். 'துறை ஒருங்கிணைப்பாளரிடம், மருத்துவமனையில் இருந்த தேதிகளை மட்டும், கெடு நீட்டிப்புக்காக, இந்த செமஸ்டர் முடியும்வரை.'

#12 சில்லறைக் கணக்கு

பணம் பற்றி என் பங்கு. 'செலவைக் குறை' என்று சொல்லும் முன் கணக்கைப் போடுங்கள், பலமுறை அங்கே குறைக்க எதுவும் இருக்காது.

மாணவருக்குப் பணம் மாதாமாதம் வராது, தவணையாக வரும். 3,000 வந்தது, 12 வார செமஸ்டர், வாரத்துக்கு 250 என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அடுத்த தவணை வர 17 வாரம். விடுமுறை வாரத்துக்கும் வாடகை உண்டு. வாடகை, கட்டணம் என்று தவிர்க்க முடியாத 1,640 போக மிச்சம் 1,360, அதை 17ஆல் வகுத்தால் வாரத்துக்கு 80. மாணவர் மனதில் இருந்த 250க்கும் இந்த 80க்கும் உள்ள வித்தியாசம்தான் கடனாக மாறுகிறது. ஊதாரித்தனம் என்று நினைப்பதில் பாதி இந்த வகுத்தல் பிழை.

கடன் இருந்தால் தொகையைப் பார்க்காதீர்கள், கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வாடகை பாக்கி சிறியதாக இருந்தாலும் கூரை போகும். கிரெடிட் கார்டு பாக்கி பெரியதாக இருந்தாலும் நாளைக்கே தெருவுக்கு வரமாட்டார். எது அதிகம் கத்துகிறதோ அதை முதலில் கட்டுவது மாணவர் வழக்கம். கத்துவது பெரும்பாலும் கார்டுக்காரர்தான்.

அவசர நிதிக்கு விண்ணப்பிக்கும்போது கடைசி மூன்று மாத வங்கி அறிக்கை கேட்பார்கள். விளக்கமில்லாத பெரிய வரவு ஒன்று இருந்தால் அங்கேயே நிற்கும். நண்பர் கொடுத்து வாங்கிய பணமாக இருக்கும், ஆனால் குழுவுக்கு அது வருமானம். ஒவ்வொரு பெரிய வரவுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதி இணைக்கச் சொல்லுங்கள். சூதாட்டச் செலவு தெரிந்தால் மறைக்கச் சொல்லாதீர்கள், கண்டிக்கவும் வேண்டாம். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம், அன்றைக்கே.

#13 புதுவரவு

படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைப்பதா தொடர்வதா என்று கேட்டு வருபவருக்கு எப்படி உதவுவது?

#14 வாசற்படி

கையெழுத்துக்கு முன்னால் ஐந்து கதவைத் தட்ட வேண்டும். விசா: வெளிநாட்டு மாணவர் என்றால் நிறுத்தியவுடன் நாட்டைவிட்டுப் போகவேண்டி வரலாம். தங்குமிடம்: ஒப்பந்தம் மாணவர் என்ற நிலையோடு கட்டப்பட்டிருக்கிறதா? உதவித்தொகை: நிற்குமா, வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்களா? கட்டணம்: எந்தத் தேதிக்கு முன் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்? சில நேரம் ஒரு வாரம் முன்னே பின்னே போனால் ஒரு தவணை முழுக்க வித்தியாசம் வரும். திரும்பி வருவது: பாடத்திட்டம் மாறினால் பழைய மதிப்பெண் செல்லுமா, திரும்ப மருத்துவச் சான்று வேண்டுமா, அதற்குக் கடைசி நாள் எது? விட்டுப்போன காலத்தில் கவுன்சிலிங்கும் நூலகமும் உண்டா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் மாணவர் அடையாளம் முடங்கியதும் உதவியும் நின்றுவிடும். உதவி அதிகம் தேவைப்படும் நேரம் அதுதான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

விசாவில் நீங்கள் தட்டுவது கதவை மட்டும், உள்ளே போகாதீர்கள். பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பதே குற்றம். வேறு நாடுகளிலும் இது மாதிரி கட்டுப்பாடு உண்டு. 'இதை நிறுத்தினால் விசா பாதிக்கப்படலாம், முடிவெடுக்கும் முன் அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள்' என்பதோடு நிறுத்துங்கள்.

அப்பீல் பற்றி ஒரு வரி. மதிப்பெண் குறைவு என்பது மட்டும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் காரணமாகாது, திருத்தியவரின் கல்வித் தீர்ப்பை யாரும் தொட மாட்டார்கள். நடைமுறைப் பிழை, பாரபட்சம், தகுந்த காரணத்தால் முன்பே சொல்ல முடியாமல் போன சூழ்நிலை, இந்த மூன்றில் ஒன்று வேண்டும். இல்லையென்றால் அதை மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

#15 ஏழாம்எண் அறை

கைமாற்றுவது பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள். எண்ணைக் கொடுத்து 'இங்கே பேசுங்கள்' என்பது ஒன்று. ஒப்புதலோடு நீங்களே பேசி நேரம் வாங்கி ஒப்படைப்பது வேறு. தெளிவாக இருப்பவருக்கு முதலாவது போதும். தூங்காமல் வந்திருப்பவருக்கு எண்ணை மட்டும் கொடுத்தால் அழைக்க மாட்டார். உங்கள் அறையிலேயே, உங்கள் முன்னாலேயே அந்த முதல் அழைப்பு நடக்கட்டும். காத்திருப்பு மூன்று வாரம் என்றால் அந்த மூன்று வாரமும் மாணவர் உங்களுடையவர். ஒப்படைத்தாகிவிட்டது என்று இங்கே ஃபைலை மூடிவிடுவார்கள், அங்கே இன்னும் திறந்திருக்காது. இரண்டுக்கும் நடுவில்தான் ஆள் தவறிப்போகிறார்.

ஒரு நாளைக்கு ஐந்து 45 நிமிடச் சந்திப்புக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் 15 நிமிடம் நோட்ஸுக்கு அடைத்து வையுங்கள். மாதம் ஒரு முறையாவது மேற்பார்வை உரையாடல், அதாவது நீங்கள் பார்த்த வழக்குகளை அனுபவமுள்ள ஒருவரோடு பேசிப் பார்ப்பது, வேண்டும். அது வேலை மதிப்பீடு செய்யும் மேலாளரோடு இல்லாமல் இருந்தால் நல்லது.

தேர்வு முடிவை வெள்ளிக்கிழமை மாலை வெளியிடும் பழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால் அதை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எல்லா அலுவலகமும் மூடி, இரண்டு நாள் யாரும் இல்லாத நேரத்தில்தான் பிள்ளைகள் தோல்விச் செய்தியைப் படிக்கிறார்கள். செவ்வாய் காலை வெளியிட எவ்வளவு செலவாகும்? ஒன்றுமில்லை.

#16 புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. அலுவலகக் காலண்டரை எல்லாத் துறையும் பார்க்கும் வசதியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்திப்பை எந்தப் பெயரில் போடுவது?

#17 கோப்புக்காரன்

பெயர் வேண்டாம், பதிவு எண்ணும் வேண்டாம், எண்ணை வைத்தே தேடிவிடலாம். 'சந்திப்பு' என்று மட்டும் போட்டு விவரத்தை வழக்குப் பதிவு மென்பொருளில் வையுங்கள். மெயிலின் தலைப்பு வரியும் அப்படியே, போன் திரையில் முதலில் தெரிவது அதுதான். மாணவருக்கு அனுப்பும் நினைவூட்டலிலும் 'தங்கள் மனநல ஆலோசனை' என்று போடாதீர்கள், பக்கத்து நாற்காலிக்காரர் படிப்பார். சேர்ந்த முதல் நாளே காலண்டரின் பகிர்வு அமைப்பைத் திறந்து, பழைய பதிவுகளில் என்ன தெரிகிறது என்று வேறொரு துறைக்காரரின் கணினியில் பார்த்துவிடுங்கள்.